மடவைக்கு உருட்டிய சோறு

சப்பாணி மீன் பிடிக்கப் போன தூரம் முப்பது மைல். கோலா சிலாங்கூர் ஆற்றுமுகத்துக்குப் போய்ச் சேர இன்னும் ஏறக்குறைய அதே அளவு தூரம் மிச்சமிருந்தது.

சப்பாணி என்பது ஒரு லோரி. மலாயாவில், கெர்லிங்கிலிருந்து உள்ளே இரண்டு மைலில் இருந்த கல்பாலத் தோட்டத்தில் ரப்பர் ஷீட் ஏற்றி ஓடியது. ஐம்பத்தொன்றாம் வருடம் மலைரோட்டு வளைவில் காட்டுக்குள்ளிருந்து கம்யூனிஸ்டுகள் அதைச் சுட்டார்கள். ஓட்டிவந்த ஹியூபர்ட்டுக்கு ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் லோரியின் இடப்பக்கப் பலகையில் ஒன்பது ஓட்டைகள் விழுந்தன. பள்ளத்தில் இறங்கியதில் வில்தட்டு ஒன்றும் உடைந்தது. அன்றிலிருந்து அது இடப்பக்கம் சாய்ந்து சாய்ந்துதான் நடக்கும். துரை புது லோரி வாங்கியதும் இதை ரப்பர் ஸ்டோருக்குப் பின்னால் தள்ளி நிறுத்திவிட்டார்கள். கோழிகள் ஏறி முட்டையிட்டுக்கொண்டிருந்தன.

அதை வீடாக்கலாம் என்று சொன்னவன் சன்னாசி.

சன்னாசி பால்மரம் வெட்டுகிறவன், ரப்பர்ப் பால் எடுப்பவன். அதே தோட்டத்தில், பழைய லயத்து ஏழாம் நம்பர் வீட்டில் பிறந்ததாகச் சொல்வான். அதற்கு எழுத்து எதுவும் கிடையாது. அப்பன் சேலத்துப் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்தவன் என்பது மட்டும் தெரியும், எந்த ஊர் என்று தெரியாது. வயது கேட்டால் முப்பத்தெட்டு என்பான். இரண்டு வருடம் கழித்துக் கேட்டாலும் முப்பத்தெட்டுதான். ஜப்பான்காரன் காலத்தில் கல்பாலத் தோட்டத்திலிருந்து நாற்பத்தோரு பேரைச் சயாமுக்கு ரயில்பாதை போட ஏற்றிப்போனார்கள். நான்கு பேர் திரும்பி வந்தார்கள். அந்த நாலில் ஒருவன் சன்னாசி. சயாமைப் பற்றி அவன் வாயிலிருந்து மீன் கதை தவிர வேறு எதுவும் வராது. தட்டில் விழுகிற சோற்றில் ஒரு பிடியை ஆற்றில் போடுவானாம். பக்கத்தில் படுத்திருந்தவர்கள் பைத்தியக்காரப் பயலே என்று ஏசுவார்களாம். மீனைச் சுட்டுக் கையில் கொடுத்ததும் ஏசிய வாய் மெல்லத் தொடங்குமாம். அதற்குமேல் கேட்டால் எழுந்து போய்விடுவான்.

அவனுடைய கூட்டாளிகள் இருவர். ஒருவன் லோரி டிரைவர் ஹியூபர்ட். மனைவி முரியல், மூன்று பிள்ளைகள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோவிலுக்குப் போகிற வேதக்காரக் குடும்பம். ஹியூபர்ட் என்ற பெயர் சன்னாசியின் நாக்கில் நிற்காது. உபட்டு என்பான். இன்னொருவன் ஆபீசில் கணக்கெழுதும் சின்னக் கிராணி கார்த்திகேசு. இருபத்துநாலு வயது, கல்யாணமாகாதவன். ஆபீஸ்காரன் மரம் வெட்டுகிறவனோடு ஒட்டிக்கொண்டு திரிவதைப் பெரிய கிராணி ஒரு தரம் கண்டித்தார். கார்த்திகேசு தலையை ஆட்டிக் கேட்டுவிட்டு அன்று சாயங்காலமே தூண்டிலோடு, ஈயம் தோண்டிவிட்ட குட்டைப் பக்கம் போனான்.

அது வேலி வருவதற்கு முன்னால். அவசரகாலச் சட்டத்தில் வேலி வந்தபிறகு லயங்களையெல்லாம் இரட்டை முள்கம்பிக்குள் கொண்டுவந்தார்கள். சாயங்காலம் ஆறு மணிக்குப் படலை சாத்தினால் மறுநாள் காலைதான் திறக்கும். அரிசி தலைக்கு இத்தனை என்று நிறுத்துக் கொடுத்தார்கள். அதில் ஒரு மணி வெளியே போகக் கூடாது. காட்டுக்குள் இருப்பவர்களுக்குப் போய்ச் சேர்ந்துவிடுமாம். வேலைக்குப் போகிறவர்கள் வெறும் கறுப்புக் கோப்பியோடு போனார்கள். படலையில் தூக்குச்சட்டியைத் திறந்து மோந்து பார்த்து அனுப்பினார்கள்.

ஐம்பத்துமூன்றாம் வருடம் பிப்ரவரியில் மரங்கள் இலை கொட்டின. பால் குறைந்தது, பாதி நாள் வேலையில்லை. மூவரும் சப்பாணியின் நிழலில் குந்தியிருந்தார்கள்.

“ஏன் உபட்டு, இந்த நொண்டி இன்னும் ஓடுமா?” என்றான் சன்னாசி.

“ஓட்டுனா ஓடும். எதுக்கு?”

“மேல தார்ப்பாய் கட்டி, உள்ள ரெண்டு பலகையப் போட்டு, மூலைல ஒரு மண்ணெண்ண அடுப்ப வெச்சா வீடாச்சுலா. கோலா சிலாங்கூருக்கு விடு. மூணு நாளு மீன் புடிப்போம். அதுலயே சமைப்போம், அதுலயே படுப்போம்.”

“கோலா சிலாங்கூர்ல லோஜிங் இருக்குண்ணே” என்றான் கார்த்திகேசு.

“உங்க சம்பளத்துக்கு இருக்கும் கிராணியாரே. எங்க சம்பளத்துக்கு அங்க வாசப்படி மட்டுந்தான் இருக்கும்.”

ஹியூபர்ட் சிரித்தான். சன்னாசி சிரிக்கவில்லை. வேலியைப் பார்த்தபடி மெதுவாகச் சொன்னான்: “மூணு ராத்திரி கம்பிக்கு வெளிய தூங்கணும்பா. அவ்வளவுதான். மீனு கெடைக்காட்டிப் போவுது.”

அந்தக் குரலைக் கேட்டபிறகு மறுக்க ஹியூபர்ட்டுக்கு மனம் வரவில்லை.

வேலை தொடங்கியது. ரப்பர் அடுக்கும் பெட்டிகளின் பலகையைக் கேட்டு வாங்கி இரண்டு படுக்கை அடித்தார்கள். மூன்றாமவன் டிரைவர் சீட்டில் படுப்பது என்று ஏற்பாடு. உடைந்த வில்தட்டுக்கு ஹியூபர்ட் பழைய மிலிட்டரி லோரியிலிருந்து ஒன்றைத் தேடிப் பிடித்தான். அது அளவில் சரியாக இல்லை, சப்பாணி இப்போது வலப்பக்கம் சாய்ந்தது. ஒன்பது ஓட்டைகளையும் அடைக்க வேண்டாம், காற்று வரும் என்றான் சன்னாசி. அவன் மனைவி தாயம்மா தன் பழைய சேலையைக் கிழித்துப் பின்பக்கத்துக்குத் திரை தைத்துக் கொடுத்தாள். முரியல் வந்து பார்த்துவிட்டு, “மீன் புடிக்கப் போறீங்களா, பொண்ணு பாக்கப் போறீங்களா?” என்றாள்.

“கிராணியாருக்குப் பாக்கறோம் தங்கச்சி. கடல்கன்னி” என்றான் சன்னாசி.

பெட்ரோலுக்கு மூவரும் போட்டார்கள். தங்கூசி நரம்புக்கும் தூண்டில் முள்ளுக்கும் கார்த்திகேசு கொடுத்தான். இரையில்தான் இடித்தது. அங்கே போய் இறால் வாங்கிக் கட்டி வீசினால் மூன்று நாளைக்குக் கட்டுப்படியாகாது. மண்புழு உப்புத்தண்ணியில் நிற்காது.

“இரைக்கு டுயிட்டு குடுத்து வாங்கணுமா?” என்று சன்னாசி நெற்றியைச் சுருக்கினான். “ஆத்துமொகத்துல மடவ கூட்டங்கூட்டமா நிக்கும். அதுக்குச் சோறு போதும்பா. காயவெச்ச சோத்த வறுத்து, ஒண்ணுரெண்டா இடிச்சு, தேங்காச் சக்கையும் கொஞ்சம் எறா பெலாச்சானும் போட்டு உருட்டிக்கணும். தண்ணில விட்டா மெல்லமாக் கரையும். வாசம் புடிச்சிக்கிட்டு வரும் பாரு.”

“ரேஷன் சோத்துல ஏதுப்பா மிச்சம்?” என்றான் ஹியூபர்ட்.

அதற்கும் சன்னாசியிடம் வழி இருந்தது. வீட்டுக்கு வீடு கேட்பது. தினமும் ஒரு பிடி பழஞ்சோறு கொடுக்கிற வீட்டுக்கு, திரும்பி வந்ததும் உப்புப் போட்ட மடவையில் பங்கு. கருவாடுகூட அளந்து கொடுத்த காலம். மடவை என்றதும் பெண்களுக்கு நாக்கில் ஊறியது. இருபத்திரண்டு வீடுகள் சேர்ந்தன. சாயங்காலம் ஆறு மணிக்குமேல், வேலிக்குள்ளேயே, சன்னாசி ஒரு பிஸ்கட் டின்னைத் தூக்கிக்கொண்டு லயத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை நடப்பான். “மடவக்காரன் வந்தாச்சு, பிச்சை போடுங்க” என்று காளியம்மா உள்ளேயிருந்து கத்துவாள். “போடுற கைக்கு முட்டைக்காரி மடவ” என்பான் அவன். பிடி சின்னதாக இருந்தால் நிற்பான். “இந்தப் பிடிக்கு வாலுதான் வரும் நல்லம்மா.” அவள் திட்டிக்கொண்டே இன்னொரு பிடி போடுவாள். தன் தட்டிலிருந்துதான் போட்டாள். எல்லாருமே அப்படித்தான்.

ஒரு மாதம். பகலில் தகரக்கூரைமேல் சோறு காய்ந்தது. தாயம்மா வறுத்தாள், சன்னாசி இடித்து உருட்டினான். எலுமிச்சங்காய் அளவில் நூற்றுக்குமேல் உருண்டைகள். கல்லாகக் காய்ந்தன. தட்டினால் டொக்கு டொக்கு என்று கேட்கும்.

படலையில் தடை செய்த பொருள்களின் பட்டியலைக் காலைப் பெரட்டில், ஆள் எண்ணும்போது, கார்த்திகேசுதான் ஆட்களுக்கு வாசித்துக் காட்டுகிறவன். அரிசி, சீனி, பால்டின், கருவாடு, மருந்து. மீன் இரை என்று அதில் ஒரு சொல் இல்லை. இருந்தாலும் ஒளிக்க வேண்டாம் என்று மூவரும் முடிவு செய்தார்கள். துரை கையெழுத்துப்போட்ட அனுமதிச் சீட்டில், லோரி ஒன்று, ஆள் மூன்று, அடுப்பு ஒன்று என்று எழுதி, கடைசியில் மீன் இரை ஒரு டின் என்று தன் அழகான ஆங்கில எழுத்தில் கார்த்திகேசு எழுதினான். சாப்பாட்டுக்கு ஒரு பொருளும் கொண்டுபோகவில்லை. கோலா சிலாங்கூரில் வாங்கிக்கொள்வதாக ஏற்பாடு.

புறப்பட்ட அன்று பனி விலகவில்லை. தோட்டத்துப் படலையில் நின்ற காவல்காரன் டின்னைத் திறந்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அவனுக்குச் சன்னாசியைத் தெரியும், இரையையும் ஒரு மாதமாகத் தெரியும். போ என்றான். கோலா குபு பாரு தாண்டியது. ரவாங் தாண்டியது. சன்னாசி பின்னால் படுக்கைப்பலகையில் மல்லாந்து படுத்து, காலை ஆட்டியபடி தெருக்கூத்துப் பாட்டு ஒன்றை இழுத்து இழுத்துப் பாடிக்கொண்டு வந்தான். முன்னால் இருந்த இருவருக்கும் அது என்ஜின் சத்தத்தையும் மீறிக் கேட்டது. ஹியூபர்ட் அவனை அப்படிப் பாடிக் கேட்டதே இல்லை.

ரவாங்குக்கு மேற்கே, பத்தாங் பெர்ஜுந்தை போகும் வழியில், ரோட்டை மறித்துக் கட்டை போட்டிருந்தார்கள்.

சீட்டைப் பார்த்த வெள்ளைக்கார ஆபீசர் முதலில் சிரித்தார். லோரிக்குள் எட்டிப் பார்த்தார், சேலைத் திரையைத் தொட்டுப் பார்த்தார், நல்ல யோசனை என்று ஆங்கிலத்தில் சொன்னார். பிறகு டின்னைத் திறக்கச் சொன்னார். புழுவை எதிர்பார்த்திருப்பார் போலிருக்கிறது. ஓர் உருண்டையை எடுத்து விரலால் சுண்டினார். கூட இருந்த தமிழ்த் துப்பறிகிறவரிடம் நீட்டினார். அவர் சாதாரண உடுப்பில் இருந்தார், நாற்பது வயதிருக்கும்.

“இது என்னா?”

“இரைங்க ஐயா. மடவைக்கு” என்றான் சன்னாசி.

அவர் ஒரு துண்டைக் கடித்து மென்றார். “பெலாச்சான் போட்டிருக்க?”

“ஆமாங்க. வாசம் இருந்தாத்தான் வரும்.”

“எங்க வூட்டுல எனக்குக்கூட இவ்வளவு ருசியா செய்யமாட்டாங்கப்பா.”

சன்னாசி சிரித்தான். பாராட்டு என்று நினைத்துக்கொண்டான். ஹியூபர்ட்டும் சிரித்தான். ஆபீசர் தகரக் குவளையில் தண்ணீர் ஊற்றச் சொல்லி, ஓர் உருண்டையை அதில் போட்டு, லோரியின் படியில் வைத்தார். சற்று நேரத்தில் அது உடைந்து, ஊறி, குவளையின் பாதிவரை வந்தது. வெள்ளை வெள்ளையாகச் சோற்றுப் பருக்கைகள். வறுத்த தேங்காய் மணம். பசித்தவன் எவனும் கண்ணை மூடிக்கொண்டு குடித்துவிடுகிற கஞ்சி.

“நூறு உருண்டை” என்றார் துப்பறிகிறவர். இப்போது அவர் குரல் வேறாக இருந்தது. “நூறு ஆளுக்கு ஒரு வேளை. எரைன்னு எழுதிச் சீட்டும் வாங்கிட்டீங்க. யாரு செஞ்சது?”

ஹியூபர்ட் வாயைத் திறப்பதற்குள் சன்னாசி ஓர் அடி முன்னே வந்தான். “நான்தாங்க. நான் ஒருத்தன்தான். இவங்களுக்கு உள்ள என்னா இருக்குன்னே தெரியாது.”

மூன்று பேரையும் ஏற்றிப்போனார்கள். டிரைவரும் கிராணியும் நல்லவர்கள் என்று துரை டெலிபோனில் சொன்னதால் அந்த இருவரையும் அன்று மாலையே விட்டார்கள். சன்னாசியைப் பற்றித் துரைக்குச் சொல்ல ஒன்றும் தெரிந்திருக்கவில்லை. தோட்டத்தில் நானூறு பேர் மரம் வெட்டினார்கள்.

அவசரகாலச் சட்டத்தில் கோர்ட்டு கிடையாது, பிடித்து வைத்துக்கொள்ளலாம். ஆனால் பிடிபட்டவன் சார்பில் ஒரு குழு முன்னால் முறையிட வழி இருந்தது. அங்கே சாட்சி சொல்ல ஹியூபர்ட்டுக்கு அழைப்பு வந்தது. கார்த்திகேசுவையும் கேட்டிருந்தார்கள். ஆபீஸ் ஆள் இந்த வம்புக்குப் போகக் கூடாது என்று துரை நிறுத்திவிட்டார். சாட்சி சொல்லப் போவதற்கு முந்தின நாள் கார்த்திகேசு முகம் வெளுத்து வந்தான்.

“கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்கண்ணே. ஆமாங்க, இல்லீங்க. அவ்வளவுதான்.”

“உண்மையச் சொன்னா விட்டுருவாங்கப்பா. அவன் என்னா தப்பு செஞ்சான்?”

தாயம்மா ஹியூபர்ட்டின் சட்டையை வாங்கிப் போய்க் கஞ்சி போட்டுத் தேய்த்துக் கொண்டுவந்து கொடுத்தாள்.

மேசைக்குப் பின்னால் மூன்று பேர். ஒரு வெள்ளைக்காரர், ஒரு மலாய்க்காரப் பெரியவர், ஒரு சீனர். பக்கத்தில் தமிழில் பெயர்த்துச் சொல்ல ஒருவர். மூலையில் ஸ்டூலில் சன்னாசி. மூன்று வாரத்தில் இளைத்திருந்தான். ஹியூபர்ட்டைப் பார்த்ததும் புருவத்தை உயர்த்தி, என்ன சட்டை இது என்பதுபோல ஒரு பார்வை பார்த்தான்.

ஹியூபர்ட்டின் கையில் வேதப்புத்தகத்தைக் கொடுத்தார்கள். சொல்வதெல்லாம் உண்மை, முழு உண்மை, உண்மையைத் தவிர வேறில்லை. சின்ன வயதிலிருந்து அந்தப் புத்தகத்தின் முன்னால் அவன் ஒன்றை மறைத்ததில்லை. கை வைத்தபோது அவனுக்கு நிம்மதிதான் இருந்தது. எல்லாவற்றையும் சொல்லிவிட்டால் தீர்ந்தது.

அவர்களுடைய சந்தேகம் ஒரே இடத்தில்தான் நின்றது. புருஷன் பெண்சாதி இரண்டு பேர் ரேஷனில் இவ்வளவு சோறு மிஞ்சாது. மிஞ்சாதென்றால் அரிசி எங்கிருந்து வந்தது? இதற்குச் சன்னாசி, நாங்கள் பட்டினி கிடந்து மிச்சம் பிடித்தோம் என்று திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தான். அவர்கள் நம்பவில்லை.

“அவன் பொய் சொல்றாங்க” என்றான் ஹியூபர்ட். எங்களைக் காப்பாற்றுவதற்காகப் பொய் சொல்கிறான் என்று சேர்த்துக்கொண்டான். “அது அவன் ஒருத்தன் சோறு இல்லீங்க. இருபத்திரண்டு வீட்டுல குடுத்தாங்க. வீட்டுக்கு ஒரு பிடி. தெனம் சாயங்காலம் டின்னத் தூக்கிக்கிட்டுப் போய் வாங்குவான். ஒரு மாசம் சேத்தோம். திரும்பி வந்து மீன் பங்கு குடுக்கறதாப் பேச்சு.”

பெயர்த்துச் சொன்னவர் ஒரு சொல் விடாமல் சரியாகத்தான் சொன்னார். வெள்ளைக்காரரின் பேனா நின்றது. அவர் நிமிர்ந்து பார்த்தார். நம்பிவிட்டார் என்று ஹியூபர்ட்டுக்குத் தோன்றியது. மூலையில் சன்னாசி கண்ணை மூடிக்கொண்டதை அவன் அப்புறம்தான் கவனித்தான்.

“வீடு வீடாகச் சோறு வசூலித்தான்.”

“ஆமாங்க.”

“தினமும். ஒரு மாதம்.”

“ஆமாங்க.”

“எந்தெந்த வீடுகள்? பெயர் சொல்.”

நல்லம்மாள் என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அங்கேதான் அவனுக்கு உறைத்தது. பக்கத்துத் தோட்டத்தில் போன மாதம் இதே வார்த்தையைச் சொல்லித்தான் எட்டுப் பேரை ஏற்றிப்போயிருந்தார்கள். காட்டுக்காரர்களுக்காக வீடு வீடாகச் சோறு வசூலித்தார்கள் என்று. இருபத்திரண்டு வீடு. பிள்ளைகளோடு கணக்குப் பார்த்தால் நூறு பேர். அவனுடைய சொந்த வீடும் அதில் ஒன்று. முரியலும்தான் பிடி போட்டாள்.

வேதப்புத்தகம் இன்னும் மேசைமேல்தான் இருந்தது.

“ஞாபகம் இல்லீங்க” என்றான்.

“இருபத்திரண்டு என்ற எண்ணிக்கை ஞாபகம் இருக்கிறது. ஒரு பெயர்கூட ஞாபகம் இல்லையா?”

“இல்லீங்க.”

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவனைப் போகச் சொன்னார்கள்.

அன்றிலிருந்து ஒரு வாரம் ஹியூபர்ட் லயத்தில் கதவு கதவாகப் போனான். எல்லாரும் சேர்ந்து வந்து, மீனுக்குத்தான் கொடுத்தோம் என்று சொன்னால் போதும், ஊரையே பிடித்து உள்ளே போடமாட்டார்கள் என்றான். கொடுக்கவில்லை என்று ஒருவரும் சொல்லவில்லை. வருகிறேன் என்றும் ஒருவரும் சொல்லவில்லை.

நல்லம்மாள் அழுதாள். “எனக்கு நாலு புள்ள இருக்கு தம்பி. நான் போனா அதுங்களுக்கு யாரு? நீயே சொல்லு, நீ எங்க பேரச் சொன்னியா அங்க?”

“இல்லக்கா.”

“ஏன் சொல்லல?”

ஹியூபர்ட் திரும்பி வந்துவிட்டான். காளியம்மா மட்டும் சேலையை மாற்றிக்கொண்டு புறப்பட்டாள். அவள் மகன் வாசலில் குறுக்கே நின்றான். போனால் திரும்பி இந்த வீட்டுக்கு வராதே என்றான். அவள் வாசலில் உட்கார்ந்துவிட்டாள். அவள்மேலும் ஹியூபர்ட்டுக்குக் கோபம் வரவில்லை. கோபித்துக்கொள்ள யாராவது ஒருவர் கிடைத்திருந்தால் அவனுக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும்.

உத்தரவு ஜூனில் வந்தது. சன்னாசி இந்த நாட்டில் பிறந்ததற்கு அத்தாட்சி இல்லை. இந்தியாவுக்கு அனுப்பப்படுவான். மனைவி விரும்பினால் கூடப் போகலாம்.

கடலோரத்துத் தடுப்பு முகாமில் அவனைப் பார்க்க ஹியூபர்ட் தாயம்மாவைக் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் போனான். இடையில் இரண்டு கம்பிவலை, நடுவே ஒரு முழம் இடைவெளி. காவல்காரர் ஒருவர் அந்த இடைவெளியில் நடந்துகொண்டிருந்தார்.

“கடலு பக்கத்துலதான்பா இருக்கு” என்றான் சன்னாசி. “காத்து திரும்பினா வாடை வருது. பாக்கத்தான் முடியல.”

ஹியூபர்ட் வழியெல்லாம் அடுக்கிவைத்திருந்த வார்த்தைகள் கலைந்துபோயின. “நாந்தான் சன்னாசி... அந்த வசூலு... நான் வாய வெச்சிட்டேன்.”

“எனக்குத் தெரியும். நான் அங்கதானே குந்தியிருந்தேன்.”

“நீ ஒருத்தனே மிச்சம் புடிச்சேன்னு சொன்னத அப்படியே விட்டிருந்தா...”

“விட்டிருந்தா ஆறு மாசமோ ஒரு வருசமோ. யாருக்குத் தெரியும்?” சன்னாசி கம்பியில் விரலைக் கோத்துக்கொண்டான். “பேரு சொல்லல பாத்தியா. ஒன் முன்னால வேதம் இருந்துச்சு, நீ சொல்லல. அத நான் பாத்தேன்.”

“அதனாலதான் உன்ன அனுப்பறாங்க.”

“அதனாலதான்” என்று சன்னாசி ஒப்புக்கொண்டான். ஆறுதலுக்காக அவன் பொய் சொல்லவில்லை. ஹியூபர்ட்டுக்கு அது அடித்ததைவிட வலித்தது. பிறகு சன்னாசி தாயம்மாவின் பக்கம் திரும்பினான். “நீ இங்கயே இரு. அங்க எனக்கே யாரும் இல்ல. ஒன்ன எங்க கொண்டுபோய் வெப்பேன்?”

“சயாமுக்குப் போனப்பவும் இப்படித்தான் இருன்னு சொன்ன. மூணு வருசம் இருந்தேன்” என்றாள் தாயம்மா. “இன்னொரு தரம் இருக்கமாட்டேன்.”

அவள் தன் தட்டுமுட்டுச் சாமான்களை லயத்தில் கொடுத்துவிட்டு ஜூலையில் புறப்பட்டாள். ஹியூபர்ட்டுக்கு லீவு கிடைக்கவில்லை. பட்டணத்துக்கு ஷீட் ஏற்றிப்போகிற நாளாகப் பார்த்து அவளைப் புது லோரியில் ஏற்றிக்கொண்டு போய் ரயிலடியில் இறக்கிவிட்டான். துறைமுகம்வரை போக முடியவில்லை. கப்பல் புறப்பட்ட நேரத்தில் அவன் ரவாங்கில் ஷீட் இறக்கிக்கொண்டிருந்தான்.

முதல் கடிதம் ஆறு மாதம் கழித்து வந்தது. யாரோ எழுதிக்கொடுத்த கடிதம். சேலத்துப் பக்கம் நாலைந்து ஊர்களில் விசாரித்தும் அப்பனைத் தெரிந்தவர் கிடைக்கவில்லை. இப்போது மேட்டூர்ப் பக்கம் கல்லுடைக்கிற வேலை. இங்கே எங்களை மலாய்க்காரன், மலாய்க்காரி என்று கூப்பிடுகிறார்கள். சோற்றுக்குப் பஞ்சமில்லை, ஆனால் வாங்கத்தான் வேண்டும். கிராணியாருக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா? கார்த்திகேசுவை அதற்குள் ஜொகூர்ப் பக்கம் மாற்றியிருந்தார்கள். ஹியூபர்ட் மூன்று பதில் எழுதச் செய்தான். இரண்டுக்குப் பதில் வந்தது. ஐம்பத்தாறுக்குப் பிறகு கடிதம் நின்றுபோனது. எழுதியது திரும்பியும் வரவில்லை.

அவன் பாவசங்கீர்த்தனத்துக்குப் போகும்போதெல்லாம் அந்தப் பொய்யைச் சொன்னான். பொய்யை மன்னித்தார் சாமியார். அதற்கு முன்னால் சொன்ன உண்மைக்கு என்ன செய்வது என்று அவன் கேட்டதற்கு, உண்மைக்கு மன்னிப்பு வேண்டியதில்லை என்றார்.

அறுபதாம் வருடம் அவசரகாலம் முடிந்தது என்று ரேடியோவில் சொன்னார்கள். தோட்டத்து வேலியைப் பிரித்து விற்றார்கள். ஹியூபர்ட் ஒரு நாள் லீவு போட்டுவிட்டுப் பஸ் பிடித்து டவுனுக்குப் போனான். நாடு நம்முடையதாகிவிட்டது. போலீஸ் நிலையத்தில் இருந்த இன்ஸ்பெக்டர் முப்பது தாண்டாத தமிழ்ப் பையன். மரியாதை தெரிந்தவர். உட்காருங்க ஐயா என்றார்.

“ஒரு பழைய கேசுல நான் சாட்சி சொல்றப்ப ஒண்ண மறைச்சிட்டேங்க. இப்பச் சொல்லிடலாம்னு வந்தேன்.”

“எந்த வருஷம்?”

“அம்பத்துமூணு. சன்னாசின்னு ஒருத்தர். சோறு குடுத்த வீட்டுப் பேருங்களக் கேட்டாங்க. நான் சொல்லல. இப்பச் சொல்றேன், எழுதிக்குங்க. மீனுக்குத்தான்னு அவங்க எல்லாரும் இப்ப வந்து சொல்வாங்க. சொன்னா அவரத் திருப்பி அழைச்சிக்கலாம் இல்லீங்களா?”

இன்ஸ்பெக்டர் ஏதோ சொல்ல வந்தார். ஹியூபர்ட் தொடங்கிவிட்டான். லயத்தின் ஒரு கோடியிலிருந்து வீட்டு வரிசைப்படி சொன்னான். நல்லம்மாள். அடுத்த வீடு புஷ்பவள்ளி. அதற்கடுத்து அர்ஜுனன் பெண்சாதி லெட்சுமி. காளியம்மா, அவள் இப்போது உயிரோடு இல்லை. சொல்லச் சொல்ல ஒவ்வொரு கதவும், கதவில் நின்ற கையும் வந்துபோயின. ஏழாவது வீட்டுக்கு மேல் இன்ஸ்பெக்டர் தாளை இழுத்துப் பேனாவை எடுத்தார். சும்மா மரியாதைக்குத்தான் எழுதினார் என்பது ஹியூபர்ட்டுக்கும் தெரியும். இருபத்திரண்டாவதாக முரியலின் பெயரைச் சொல்லி நிறுத்தினான்.

இன்ஸ்பெக்டர் பேனாவை மூடிவைத்தார். “இது எங்க கையில இல்லீங்க ஐயா. வெளிய அனுப்பினவங்க விஷயம் வேற இலாகா. நீங்க ஒரு மனு எழுதுங்க, நான் மேல அனுப்பி வெக்கிறேன். அவரோட இப்போதைய விலாசம் வேணும். அவரு இப்ப எங்க இருக்காரு?”

“அது உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேங்க” என்றான் ஹியூபர்ட்.